ஒருத்தி மறுத்தால் போதும்

மார்ச் 2, வெள்ளி

சபை மண்டபத்தின் கீழ்த்தளத்தில் இன்றும் படம் போட்டேன். தப்பி வந்த அடிமைகளைத் தன் வீட்டில் ஒளித்துவைத்த போதகரின் கதை. சிறைக்கதவு சாத்தப்பட்டபோது எல்லோரும் அழுதோம். ஹன்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாமளா இருந்தாலும் இப்படித்தான் செஞ்சிருப்போம், லோயிஸ்" என்றாள்.

மாடியறையில் மாரிசேலா நடக்கும் சத்தம் கேட்டது. ஹோண்டுராசுக்குத் திருப்பி அனுப்ப உத்தரவு வந்ததிலிருந்து எங்களிடம்தான் அடைக்கலம். வழிபாட்டு இடத்துக்குள் குடியேற்ற அதிகாரிகள் நுழைவதில்லை; வெளியே கால் வைத்தால் பிடித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து தனியாக சூப் குடித்தேன்.

மார்ச் 11, ஞாயிறு

மாதக் கூட்டம். மாரிசேலாவை வைத்திருந்தால் கட்டடக் காப்பீட்டை ரத்து செய்துவிடுவோம் என்று காப்பீட்டுக்காரர்கள் மிரட்டுகிறார்களாம். அவளை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று எல்வுட் தீர்மானத்தை வாசித்தார். கூட்டத்தை நடத்துபவர் அவர்தான். கத்தவே தெரியாத நல்ல மனிதர். முடிவு அடுத்த மாதம்.

எந்த வேறு இடம்? இந்த ஒஹாயோ பனியில்?

மார்ச் 19

வாக்கெடுப்பென்றால் கையைத் தூக்கிவிட்டுக் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம். குவேக்கர் கிறிஸ்தவர்களான எங்களிடம் அது கிடையாதே; எல்லோரும் சம்மதித்தால்தான் முடிவு. ஒரே ஒருத்தி எழுந்து மறுத்தாலும் தீர்மானம் நின்றுவிடும். அந்த ஒருத்தி யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

மார்ச் 23, வெள்ளி

சர்வாதிகாரியை எதிர்த்த கன்னியாஸ்திரியின் படம். இசை உயர்ந்தபோது எனக்கும் தைரியம் வந்தது. விளக்கைப் போட்டதும் போய்விட்டது. அந்த அம்மாளுக்கு இசையா கேட்டிருக்கும்? வேறு ஏதோ கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் எதுவும் கேட்கவில்லை?

ஜெபித்தேன். பதில் இல்லை.

ஏப்ரல் 8, ஞாயிறு

எழுந்துவிட்டேன்.

"நண்பர்களுக்குச் சம்மதம்தானா?" என்று எல்வுட் கேட்க, ஒவ்வொருவராகச் சம்மதம், சம்மதம் என்றார்கள். தயார் செய்து வைத்திருந்த பேச்சில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"எனக்குச் சம்மதம் இல்ல. அவளை வெளிய அனுப்பிட்டு நான் கடவுள் முகத்துல எப்படி முழிப்பேன்?"

அவ்வளவுதான் சொன்னேன்.

எல்வுட் கண்ணாடியைக் கழற்றினார். "ஒதுங்கி நிக்கிறியாம்மா, இல்ல குறுக்க நிக்கிறியா?" ஒதுங்கினால் என் மறுப்பைக் குறித்துக்கொண்டு தீர்மானத்தை நிறைவேற்றிவிடுவார்கள்; குறுக்கே நின்றால் அது நின்றுபோகும்.

"குறுக்கத்தான்."

பேனாவை மூடிவிட்டார். மாரிசேலா இங்கேயே இருக்கலாம்.

வாசலில் ஹன்னா: "வெள்ளிக்கிழமைப் படமெல்லாம் உனக்குத் தலைக்கேறிடுச்சுடி. சபைக்கு ஏதாச்சும் ஆனா நீயா வந்து நிப்ப?" நான் வாய் திறப்பதற்குள் கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்லூரி நாளிலிருந்து தோழி — இப்படியா பேசுவாள்?

ஏப்ரல் 13, வெள்ளி

படத்துக்கு ஒருவரும் வரவில்லை. நாற்காலிகளை மடிக்கத் தொடங்கியபோது மாரிசேலா படியிறங்கி வந்தாள். ஆட்கள் இருந்தால் இறங்கவே மாட்டாள்.

"இன்னைக்குப் படம் கிடையாதா, லோயிஸ்?"

போட்டேன். தேவாலயத்தைச் சிப்பாய்கள் சூழ்ந்துகொண்டார்கள். கதாநாயகர் பீடத்தில் நின்று நீதியைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இந்த ஆள் இன்னும் ஏன் பேசிக்கிட்டே இருக்கான்? அங்க பின்வாசல் இல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. திரையும் வாசற்கதவும் ஒருசேரக் கண்ணில் படும்படி நாற்காலியைச் சாய்த்துப் போட்டிருந்தாள். பார்வை கதவுக்கே போய்ப் போய் வந்தது.

என் நாற்காலியைத் தூக்கிப்போய்க் கதவோரம் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் படத்தை மட்டும் பார்க்கத் தொடங்கினாள்.