குழி இல்லாத இடத்தில் படுத்தவன்

அன்பு மகன் நோவாகாவுக்கு, கூதுகுவிலிருந்து அம்மா எழுதுவது. மூச்சு இருக்கிறது, இரண்டு வாய் களியும் இறங்குகிறது, இங்கே நலம் என்றால் இவ்வளவுதான். அந்த இத்தாலிக் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாவிடம் கேட்டபடி இருக்கிறேன். போனில் பேசப் பயம், அதனால் அபிஜானுக்குப் போகிற உன் அத்தையிடம் இதைக் கொடுத்து அங்கே தபாலில் போடச் சொல்கிறேன்.

உன் தம்பி யம்பாவின் நாற்பதாம் நாள் போன வெள்ளிக்கிழமை முடிந்தது. அவன் என்னப்பா குற்றம் செய்தான்? பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், ரேடியோவில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். வடக்கே துப்பாக்கிக் கும்பல்களுக்குப் பயந்து ஊர் ஊராகக் காலியாகிறதே, இதற்காகவா பத்து வருடத்துக்கு முன்னால் தெருவுக்கு வந்தோம் என்று கேட்டான். பதினைந்தாம் நாள் ராணுவத்திலிருந்து தாள் வந்துவிட்டது, மூன்று மாதம் போர்முனைக்கு வா என்று. கண்ணாடி இல்லாவிட்டால் கரும்பலகையே தெரியாதவன் கையில் துப்பாக்கி. போனவன் திரும்பவில்லை, சாவுச் செய்திதான் வந்தது. இருபத்தேழு வருடம் நாற்காலியை விடாத மனிதரை விரட்ட, களி கிண்டும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு நாங்கள் பெண்கள் தெருவில் இறங்கினோமே, அன்றைக்கு அவன் என் பக்கத்தில்தான் நடந்தான். பெண் துடுப்பை ஓங்கினால் ஆணுக்கு அதைவிட அவமானம் ஏது, அந்த மனிதர் நாட்டைவிட்டே ஓடினார். பிறகு ஓட்டுப் போட்டோம். பிறகு ஒரே வருடத்தில் இரண்டு முறை சிப்பாய்கள் ஆட்சியைப் பிடித்து டிவியில் வந்து உட்கார்ந்தார்கள், இரண்டு முறையும் ஊர் கைதட்டியது, நானும் தட்டினேன். யம்பாவுக்குத் தெருவுக்கு வரக் கற்றுக்கொடுத்தவள் நான்தானே, அதுதான் என்னை அரிக்கிறது.

நாற்பதுக்குத் தையற்கார லாசினா வந்தான். இழவு வீட்டில்கூட மோசி இனத்தவரான நம்மை அடிமை என்று கேலி செய்ய சாமோ இனத்தவனான அவனுக்குத்தானே பாட்டன் காலத்து உரிமை, விடுவானா. யம்பாவின் சட்டையை மாட்டி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து, அவனைப் போலவே தோளைச் சாய்த்து நடந்தான். "ஏய் மோசிக் கூட்டமே, என் அடிமை எங்கடா? சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டானா?" என்றான். வாயை மூடுடா நாய்த்தலை தின்னி என்று நானும் ஏசினேன், சிரித்துவிட்டேன் நோவாகா, நாற்பது நாளில் முதல் தடவை. உடனே அவன் யம்பாவின் குரலிலேயே அந்த ரேடியோக் கேள்வியைக் கேட்டான். முற்றத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். லாசினா போய் முற்றத்து ஓரத்தில் உன் அப்பாவின் குழிக்குப் பக்கத்து வெறும் மண்ணில் நீட்டிப் படுத்தான். அப்பாவைப் புதைத்தபோது குழிக்குள் படுத்துக்கொண்டு இரண்டு கோழி கொடுத்த பிறகுதான் எழுந்தானே, அந்த வழக்கம்தான் என்று நினைத்துக் கோழியைத் தூக்கிக்கொண்டு போனேன். "கோழி வேணாம்மா. அவனக் கொண்டாங்க, எந்திரிக்கிறேன்" என்றான். பிறந்ததிலிருந்து என்னை அடிமைக்காரி என்றே கூப்பிட்டவன், அம்மா என்றான். நான் எங்கே போய் அவனைக் கொண்டுவருவேன், வடக்கே எந்த மண்ணில் போட்டார்கள் என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெயில் சாயும்வரை அழுதேன்.

நீ டிக்கெட் எடுக்கப் போவதாகச் சொன்னாய். வராதே. தம்பியைப் பற்றி நீ பேசி அனுப்பியது இங்கே எல்லார் போனிலும் ஓடுகிறது. முந்தாநாள் முன்பின் தெரியாத இருவர் வந்து, மூத்தவர் எப்போது வருகிறார் என்று மரியாதையாகக் கேட்டார்கள், அந்த மரியாதைக்குப் பிறகு கதவைத் தாழிட்டுத்தான் படுக்கிறேன். பேசாதே என்று மட்டும் எழுத மாட்டேன், துடுப்பைத் தூக்கிய கைக்கு அது வரவில்லை. அங்கே இருந்துகொண்டு பேசு. நான் செத்தாலும் வராதே. லாசினாவிடமும் சொல்லிவிட்டேன். "மொதல்ல சாவு, பாப்போம். உன் குழில படுத்துக்கிட்டே அந்த மோசிப் பயலுக்குப் போன் போடுவேன். அவன் அழுது முடிக்கிறவரைக்கும் எந்திரிக்க மாட்டேன், எத்தன கோழி குடுத்தாலும்" என்றான்.

பிள்ளைகளோடு நம் மோரே மொழியில் பேசு, மறந்துவிடப் போகிறார்கள். நெஞ்சை மூடி உடுத்திக்கொள். உன் தம்பிக்குக் கொடுக்காத ஆயுளையும் சேர்த்து அல்லா உனக்குக் கொடுக்கட்டும். போன் எண்ணை மட்டும் மாற்றிவிடாதே.

உன் அம்மா,
அஸ்ஸேத்தா