வலி விட்டுப்போன விரல்கள்

ஜூலை 3, வியாழன்

காற்று. கணவாய்ப் பக்கமிருந்து மண்ணை வாரிக்கொண்டு வருகிறது. காலையில் பெருக்கிய முற்றம் மதியத்துக்குள் பழையபடி. கொடியில் காயப்போட்ட துணியில் பாதி அடுத்த வீட்டில்.

எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை நானே திறந்தேன். தட்டில் ஊறுகாயை வைத்த பிறகுதான் உறைத்தது. சில வருடங்களாக அந்த மூடியைத் திறப்பது என் வீட்டுக்காரர் சேவியர். அவர் சொட்டுநீர்க் குழாய்க் கடையில் இருந்தால், பக்கத்து வீட்டிலிருந்து அவர் தங்கை லூர்து. இன்று யாரையும் கூப்பிடவில்லை.

லூர்து பார்த்துவிட்டாள்.

"அப்படிப் போடு மதினி! யாரு சுட்டுக் குடுத்த முடக்கத்தான் தோசை? நானு! அந்த மதுரை டாக்டருக்குக் கொட்டிக் குடுத்ததுக்கு எனக்கு ஒரு சேலை எடுத்திருக்கலாம்."

"எடுத்துட்டாப் போச்சு" என்றேன்.

அவள் போனதும் பத்து விரலையும் மடக்கிப் பார்த்தேன். முழுதாக மடங்கின. முடக்குவாதம் என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை வருடம் குடியிருந்த வலி, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். காலண்டரைப் புரட்டினேன்.

இப்படி அது விட்டுப்போனது இதற்கு முன் ஒரே ஒரு முறை. மகள் பிரின்சி வயிற்றில் இருந்தபோது.

மே மாதத்துக்குப் பிறகு மாதவிலக்கு இல்லை. நிற்கும் வயது என்று இருந்துவிட்டேன். நாற்பத்தெட்டு. நிற்கும் வயதுதான்.

உளுந்து வாங்க வேண்டும். சிவப்பு மைப் பேனாவும்.

ஜூலை 4, வெள்ளி

காற்று நிற்கவில்லை. மயிலாடும்பாறை பஸ்ஸில் ஜன்னலை மூடியும் வாயெல்லாம் மண்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் இன்று பார்த்து அதுதான்: தாய்சேய் இணைப்புத்திசு, ஊர்ப் பேச்சில் நஞ்சுக்கொடி. முன் பெஞ்சு கௌசல்யா எழுந்தாள்.

"டீச்சர், பிள்ளையில பாதி அப்பாதான? அப்ப அது அம்மா ஒடம்புக்கு அசலூரு ஆளு. கிருமி வந்தா வெரட்டி அடிக்கிற ரத்தம் இத மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கு?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "வீட்டு மாப்பிள்ளைடீ. அடிப்பாகளா? கறி எடுத்துல்ல போடுவாக."

வகுப்பே சிரித்தது. நானும்.

நல்ல கேள்வி. கரும்பலகையில் வரைந்து சொன்னேன். அந்தத் திசு சும்மா சோறு மட்டும் ஊட்டுவதில்லை. தாயின் ரத்தத்துக்குள் சில புரதங்களை அனுப்புகிறது. தாயின் காவல் அணுக்களிடம் அவை போய், இது நம் ஆள், அடிக்காதே என்று சொல்வதுபோல. அணுக்களில் சில அடங்குகின்றன, சில வேறு வேலைக்குத் திரும்புகின்றன. தன் மூட்டையே எதிரி என்று நினைத்துத் தாக்கும் நோய் உள்ள பெண்களில் பலருக்கு அந்த மாதங்களில் வலி குறைவது இதனால் இருக்கலாம். முழுக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை என்றும் சொன்னேன். பிள்ளை பிறந்ததும் அந்தப் புரதங்கள் போய்விடும். நோய் திரும்பி வரும்.

சொல்லும்போது சாக்பீஸை அழுத்திப் பிடித்திருந்தேன். வலிக்கவில்லை.

நிதானமாக யோசி. ஒன்று, ஏப்ரலில் டாக்டர் மாத்திரை அளவைக் கூட்டினார். அது இப்போது வேலை செய்யலாம். இரண்டு, முடக்கத்தான் (லூர்து மன்னிக்க). மூன்று, எழுதவே கை வரவில்லை. ஒரு நோயாளி, ஒரு பழைய அனுபவம். இதை ஆதாரம் என்று ஒரு மாணவி எழுதினால் மதிப்பெண் போட மாட்டேன்.

ஆனால் அந்த மாத்திரை. மெத்தோட்ரெக்ஸேட். வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை. எழுதிக் கொடுத்த அன்று டாக்டர் கேட்டார், கர்ப்பத்துக்கு வாய்ப்பு உண்டா, கருவை இது சிதைக்கும் என்று. நான் சிரித்தேன். இந்த வயதிலா சார் என்றேன்.

ஜூலை 5, சனி

சாரல் இரண்டு சொட்டு. தேனி போனேன். இங்கே ஆண்டிபட்டியில் எந்த மருந்துக்கடையிலும் என்னிடம் படித்த ஒரு பிள்ளை நிற்கும்.

பஸ் ஸ்டாண்டு தாண்டி, தெரியாத கடை. கல்லாவில் ஒரு அம்மாள். பரிசோதனை அட்டை கேட்டேன்.

"மகளுக்கா, மருமகளுக்கா?"

"ம்."

"எத்தன நாள் தள்ளிப் போயிருக்காம்?"

"தெரியல."

"நாளைக்குக் காலையில மொத மூத்திரத்துல பாக்கச் சொல்லுங்கக்கா. இந்தக் காலத்துப் பிள்ளைக அவசரப்பட்டு ராத்திரியே பாத்துட்டு அழுகுதுக. சொகமாப் பெறட்டும்."

மகளுக்கு வாழ்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். அட்டை, விடைத்தாள் கட்டுக்கு அடியில்.

ஜூலை 6, ஞாயிறு

காற்று. மாதா கோயில் மணிச் சத்தமே எங்கோ தூரத்தில் கேட்டது.

இரண்டாவது கோடு. இருக்கிறது, ஆனால் மங்கல். வெளிச்சத்தில் சாய்த்தால் இருக்கிறது, நேராகப் பார்த்தால் இல்லை. இந்த அட்டை தேடுவதும் வகுப்பில் சொன்ன புரதங்களில் ஒன்றைத்தான்.

பூசையில் சாமியார் கொடுக்கும் நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. லூர்து முழங்கையால் இடித்தாள். தலைவலி என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல் சேவியர். ஞாயிறு பூசை முடிந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் மாத்திரை அட்டையை எடுப்பார். என் விரலால் பிதுக்க முடியாத காலத்தில் தொடங்கியது. ஒவ்வொன்றாகப் பிதுக்கி, சிறு தட்டில் வரிசையாக வைத்து, தண்ணீரோடு நீட்டுவார்.

"இந்தாங்க டீச்சரம்மா, ஞாயித்துக்கெழம விருந்து."

வாயில் போட்டேன். தண்ணீர் குடித்தேன். கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்த் துப்பினேன். கசப்பு இன்னும் போகவில்லை.

நான் சேவியர் மாதிரி விசுவாசி இல்லை. பாவம் என்ற சொல்லை வீட்டில் அவர்தான் பயன்படுத்துவார். ஆனாலும் தெரியாமல் விழுங்குவது வேறு, தெரிந்து விழுங்குவது வேறு. தெரியாமல் விழுங்கிய ஞாயிறுகள் எத்தனை? அவை உள்ளே என்ன செய்து வைத்திருக்கின்றன? அதை நினைக்கும்போதெல்லாம் எழுந்து ஏதாவது பாத்திரம் கழுவுகிறேன். எல்லாப் பாத்திரமும் சுத்தம்.

ஜூலை 7, திங்கள்

விடுப்பு. தேனியில் ஒரு பெண் டாக்டர். அட்டையைப் பார்த்தார், மாத்திரைச் சீட்டைப் பார்த்தார், முகம் மாறவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார். மாதவிலக்கு நிற்கும் வயதில், மூளைக்குக் கீழே உள்ள சுரப்பியே இந்தப் புரதத்தைக் கொஞ்சம் விடுமாம். மங்கல் கோடு அதனாலும் வரும். ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. ரொம்ப ஆரம்பம் என்றாலும் தெரியாது. இன்று ரத்தம், புதன்கிழமை மறுபடி ரத்தம். கரு என்றால் அளவு மளமளவென்று ஏறும். சுரப்பி என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும். அதுவரை மாத்திரை வேண்டாம்.

"வீட்டுல சொன்னீங்களா?"

இல்லை.

"இருக்குன்னு வந்தா என்ன செய்றதா நெனச்சிருக்கீங்க?"

மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் கர்ப்பப்பை பொம்மை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். 

பஸ்ஸில் பிரின்சி பிறந்த வருடம் ஞாபகம் வந்தது. கர்ப்பம் முழுக்க வலியே இல்லை. நோய் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொன்னோம். பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம் அது திரும்பி வந்த வேகம். பிள்ளை அழுகிறது, எடுக்கக் கை எழவில்லை. லூர்துதான் தூக்கி என் மார்பில் பிடித்திருப்பாள், குடித்து முடிக்கும்வரை. ஒருநாள் அவளும் இல்லை. பிரின்சி பாயில் கிடந்து கத்த, நான் பக்கத்தில் குனிந்து படுத்துப் பால் கொடுத்தேன், ஆடுபோல.

அப்போது வயது இருபத்தேழு.

ஜூலை 8, செவ்வாய்

பிரின்சி போன். கோவை ஹாஸ்டலில் சாம்பார் தண்ணீராக இருக்கிறதாம். "என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" காற்று என்றேன்.

லூர்து வந்தாள். "மொகமெல்லாம் பளபளன்னு இருக்கே மதினி, இன்னும் ரெண்டு தோச திங்கிறியளா?" அவள் போனபின் கண்ணாடி பார்த்தேன். பளபளப்பு எதுவும் இல்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு.

சாப்பிட்ட பிறகு சேவியரிடம் சொன்னேன். கோடு, ரத்தம், துப்பிய மாத்திரை, எல்லாம். முதலில் சிரிக்கப் பார்த்தார்.

"ஏ ஆத்தா! பேரன் பாக்குற வயசுல..."

என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். டிவியை அணைத்தார். 

"டாக்டர் என்ன சொன்னாக?"

"நாளைக்கு மறுபடி ரத்தம். அதுவரைக்கும் மாத்திரை கூடாதுன்னாக."

"இங்கன பாரு. நீ அந்தக் கையோட கெடந்தத நான் பாத்திருக்கேன். இன்னொரு தடவ பாக்க என்னால ஆகாது. இருக்குன்னு வந்தாலும் சரி, நீ மாத்திரைய முழுங்கு. எந்தக் கணக்குன்னாலும் மேல இருக்கிறவரு எங்கிட்டக் கேக்கட்டும். நான் சொல்லிக்கிறேன்."

ஒரு ஞாயிறு பூசை தவறாத மனிதர். நோன்புக் காலத்தில் முட்டை வாசனைக்கே நகர்ந்து உட்காருகிறவர்.

நம்பாத எனக்கு அந்தத் தைரியம் இல்லை. "நீங்க எப்படிச் சொல்வீக? விழுங்குறது என் வாய்தான" என்றேன். குரல் கடுமையாக வந்துவிட்டது. எழுந்து போய் வாசலில் நின்றார். காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்தது, இருவரும் போய்ச் சாத்தவில்லை.

ஜூலை 9, புதன்

ரத்தம் கொடுத்தேன். கூடவே வந்தார். கடைக்குப் பூட்டு.  பஸ்ஸிலிருந்து இறங்கும்போது என் பையை வாங்கிக்கொண்டார்.

முடிவு நாளை.

பயத்தை ஒழுங்காக எழுதிவைத்தால் சிறிதாகும் என்று நினைத்தேன். இருந்தால் பயம்: சிதைந்த பிள்ளை, அல்லது சிதையாத பிள்ளையும் எழாத கையும். இல்லாவிட்டால்? அதற்கு நேராகவும் பயம் என்றே எழுதி, அடித்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

இடைவேளையில் போன். ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தவளை பாட்டில்களுக்கு நடுவே.

ஏறவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுரப்பிதான். கை குணமானது மாத்திரையால்தான் இருக்கும், தொடரலாம் என்றார் டாக்டர்.

சேவியரைக் கூப்பிட்டேன். "இல்லையாம்."

"சரி" என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "குழாய் வாங்க ஆளு நிக்கிறாக" என்று வைத்துவிட்டார்.

அடுத்த வகுப்புக்குப் போக மறந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். கௌசல்யா வந்து கூப்பிட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

காற்று கொஞ்சம் தணிவு.

பூசை முடிந்து வந்ததும் மாத்திரை அட்டையை எடுத்தார். இப்போது என் விரலாலேயே பிதுக்க முடியும். அவருக்கும் தெரியும். அவர் பிதுக்கட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

விழுங்கினேன். நின்று பார்த்தார்.

"வாயத் தெறந்து காட்டு."

காட்டினேன். நாக்கைத் தூக்கியும் காட்டினேன். இருவரும் சிரிக்கவில்லை.

காலையில் எழுந்தபோது வலது ஆள்காட்டி விரலில் லேசான இறுக்கம் இருந்தது. ஒரு வாரம் விட்டதால் இருக்கும். அவரிடம் சொல்லவில்லை. விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டு, கோயில் மணி அடிக்கும்வரை அப்படியே படுத்திருந்தேன்.