சாமிக்கு ஒரு துண்டுக் காகிதம்

நவம்பர் 17, திங்கள்

காலையிலிருந்து தூறல். மூன்றாம் வகுப்பில் இரண்டு இடத்தில் ஒழுகல். வாளி ஒன்றுதான். இன்னொன்றுக்கு சத்துணவு அண்டாவின் மூடி.

அடைவுத் தேர்வு 27-ஆம் தேதி, மூன்றாம் வகுப்புக்கு. விடையை எழுத வேண்டாமாம், வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதுமாம். திருத்துவது இயந்திரம். சுற்றறிக்கை நான்கு பக்கம். ஹெச்.எம். சுவாமிதாஸ் சார் அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "நீங்களே பாத்துக்கிடுங்க டீச்சர், எனக்குக் கண்ணாடி மாத்தணும்" என்றார். போன வருடமும் கண்ணாடி மாற்றத்தான் இருந்தார்.

போன முறை ஒன்றியத்திலேயே நாங்கள் கடைசிக்கு முந்தி. ஹெச்.எம். இதைத் தைரியமாகவே சொல்வார். கடைசியாக வந்த பள்ளியை மூடிவிட்டார்கள் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல மாட்டார்.

எழுதப் போகிறவர்கள் ஐந்து பேர்:
அபிஷா – எல்லாம் வரும். சொன்னதைச் சொன்னபடி செய்வாள்.
சுஜின் – எதுவும் வராது. கவலையும் கிடையாது.
பாத்திமா – வாய்க்கணக்கு நன்றாக. வாயும் நன்றாக.
நித்திஷ் – முன்பல் இரண்டு ஆட்டம். கவனம் முழுக்க அதில்.
சந்துரு – நிதானம். பெயர் எழுதி முடிப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும்.

சாயங்காலம் ரவிக்கை கொடுக்க ஜெபாவின் தையல் கடைக்குப் போனேன். அபிஷாவின் அம்மா. அளவு எடுத்துக்கொண்டே சொன்னாள்: "டீச்சர், தப்பா நினைக்காண்டாம். நாகர்கோவில் இங்கிலீஷ் ஸ்கூல் வேன் இப்பம் நம்ம முக்கு வரைக்கும் வருது. இந்தப் பரிச்சையில பிள்ள நல்லா வாங்கினா இங்கயே இருக்கட்டு. இல்லேன்னா ஜனவரியில அங்க சேக்க பாரம் வாங்கிருவேன், கேட்டியளா."

நியாயமான பேச்சு. எரிச்சலாக வந்தது.

அபிஷா போனால் ஒன்றாம் வகுப்பில் இருக்கிற தங்கையும் போவாள். எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் உபரி. ஹெச்.எம். மே மாதம் ஓய்வு, அவரை யாரும் தொட மாட்டார்கள். அப்படியென்றால் நான்தான். ஆனால் அது இரண்டாவது பயம். முதல் பயம், அந்தப் பிள்ளை இல்லாத வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு நிற்பது.

நவம்பர் 19, புதன்

வெயில். மாதிரித் தாள் நகல் எடுத்துப் பயிற்சி. பேனா கட்டாயம். ஐந்து பேரும் இதுவரை பென்சில்தான். நித்திஷ் பேனாவால் ஆடுகிற பல்லைத் தட்டிப் பார்த்தான். நாக்கு நீலம்.

பெரிய சிக்கல் வேறு. தாளைக் கொடுத்த உடனே ஐந்து பேரும் மேலே, நடுவில், சாமிக்குறி போட்டார்கள். நித்திஷ் பிள்ளையார் சுழி. அபிஷா சிலுவை. பாத்திமா 786. சந்துரு அய்யாவழி வீடு, 'அய்யா உண்டு' என்று முழுசாக எழுதுவான், மூன்று நிமிடம் போகும். சுஜினுக்கு அம்மா வேதக்காரி, அப்பா இந்து. சுழியும் போடுவான், சிலுவையும் போடுவான். ஏன்டா ரெண்டு என்றால், "ஒண்ணு பாக்காட்டியும் மத்தது பாக்கும் டீச்சர்."

இந்தத் தாளில் மேலே நடுவில்தான் கோடுகோடாக ஒரு பட்டை. இயந்திரம் அதைப் படித்துத்தான் யாருடைய தாள் என்று கண்டுபிடிக்குமாம். அங்கே ஒரு புள்ளி வைத்தாலும் தாள் செல்லாது. சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் இருக்கிறது.

சாமிக்குறி போடக் கூடாது என்று சொல்லிவிடலாமா என்று ஹெச்.எம்.மிடம் கேட்டேன். எழுந்தே நின்றுவிட்டார். "அதுல மட்டும் கைய வைக்காண்டாம் டீச்சர். காலம்பற சொன்னா சாயங்காலம் மூணு கூட்டத்துல இருந்து ஆளு வந்து கேட்டுல நிக்கும். டீச்சர் சாமிய எடுக்கச் சொன்னாவளாமேன்னு. எனக்கு மே மாசம் வரை ஓடணும்."

சொன்னது சரிதான். நம்ம ஊரில் இதெல்லாம் கண்ணாடிப் பாத்திரம்.

நவம்பர் 21, வெள்ளி

யோசனை என்னுடையது. பெருமையாகவே எழுதி வைக்கிறேன். ஆளுக்கொரு துண்டுக் காகிதம், உள்ளங்கை அளவு. சாமிக்குறியை அதில் போட்டு மேஜையின் இடது மூலையில் வைப்பது. பிறகு தாளைத் தொடுவது. எந்தச் சாமிக்கும் குறை இல்லை, இயந்திரத்துக்கும் இல்லை.

பாத்திமா: "சாமி அதையும் பாக்குமா டீச்சர்?" பார்க்கும் என்றேன். யாரிடம் கேட்டு உறுதி கொடுத்தேனோ.

நான்கு முறை ஒத்திகை. அருமையாகச் செய்தார்கள். ஹெச்.எம். வந்து பார்த்து, "ஐ.ஏ.எஸ். மூளை டீச்சர் உங்களுக்கு" என்றார். இன்னொரு ரவிக்கைக்கும் துணி எடுக்கலாம் என்று தோன்றியது. எடுத்தேன்.

நவம்பர் 27, வியாழன்

மழை இல்லை. ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். அதுவே அதிசயம்.

தேர்வு நடத்த வெளியிலிருந்து பி.எட். படிக்கிற பெண் ஒருத்தி. வயது இருபத்திரண்டு இருக்கும், முகத்தில் நாற்பது. நானும் ஹெச்.எம்.மும் வராந்தாவோடு சரி.

வாசலிலேயே பையைச் சோதித்தாள். வீட்டிலேயே குறி போட்டுக் கொண்டுவந்த துண்டுக் காகிதங்கள் ஐந்தும் சிக்கின.

"சார், இது என்ன, பிட்டா?"

ஹெச்.எம். பதறிப்போய், "ஐயோ, அது சாமியாக்கும் மேடம்" என்றார்.

பிரித்துப் பார்த்தாள். "சாமின்னு தெரியுது சார். ஆனா தனிக் காகிதம் உள்ள கொண்டு போகக் கூடாது, ரூல்." ஐந்து சாமிகளையும் தன் கோப்பில் வைத்து மூடிக்கொண்டாள்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். கதவைச் சாத்திவிட்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். ஐந்து பேரும் பேனாவைப் பிடித்தபடி எழுதாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். யார் எங்கே என்ன போட்டார்கள் என்று தெரியவில்லை.

முடிந்ததும் விசாரணை. பாத்திமா உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். நித்திஷ் பெஞ்சில். சுஜின் கேள்வித்தாளின் பின்பக்கம், இரண்டும். சந்துரு கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

அபிஷா: "பேப்பர்ல டீச்சர். மேல நடுவுல. மூலையில வைக்கத் துண்டு இல்லேல்லா. சின்னதாத்தான் போட்டேன்."

"பட்டை மேலயா மக்கா?"

"ம். வட்டத்துல படல டீச்சர். நீங்க சொன்ன மாதிரி வட்டம் எல்லாம் சுத்தமா இருக்கு."

துண்டில்லாமல் போனால் என்ன செய்வது என்று நான் சொல்லித் தரவில்லை. அவள் மேல் என்ன தப்பு?

மத்தியானம் அவளை உட்கார வைத்துக் கேள்வித்தாளில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டு தவிர எல்லாம் சரி. அந்த இரண்டில் ஒன்று எனக்கே சந்தேகம்.

டிசம்பர் 5, வெள்ளி

ரவிக்கை தயார் என்று ஜெபா இரண்டு முறை போன். போகவில்லை. தலைவலி, உறவில் ஒரு கல்யாணம் என்று சொன்னேன். இயந்திரம் ஒருவேளை கண்டுகொள்ளாமல் விட்டுவிடும் என்று ஒரு நப்பாசை.

ஜனவரி 8, வியாழன்

முடிவு வந்துவிட்டது. ஐந்து பேரில் நான்கு பேருக்கு மதிப்பெண். ஐந்தாவது பெயருக்கு எதிரே 'செல்லாதது'.

வகுப்பில் முதல்: சுஜின். எப்படிடா என்றேன். "தெரியாததுக்கெல்லாம் மூணாவது வட்டம் டீச்சர்." எத்தனை தெரிந்தது என்றால், "ஒண்ணும் தெரியாது." அவன் அப்பா மிட்டாய் வாங்கி வந்துவிட்டார். வாங்கித் தின்றேன்.

ஜனவரி 9, வெள்ளி

ஜெபாவின் கடைக்குப் போய்விட்டேன். இங்கிலீஷ் ஸ்கூல் பாரம் தையல் மிஷின் மேலேயே இருந்தது. வழவழப்பான தாள், கலரில் பள்ளிக்கூடப் படம்.

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை, துண்டுக் காகிதம், என் ஐ.ஏ.எஸ். மூளை. ஆறு வாரம் பயந்து ஒளிந்ததையும். அழக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன். அழுதுவிட்டேன்.

ஜெபா மிஷினை நிறுத்தினாள். "பரிச்சைன்னா குருசு போடாம எழுதாதட்டின்னு சொல்லி விட்டது நானாக்கும்" என்றாள். பிறகு அவளே கேட்டாள்:

"பிள்ள போட்ட பதில் சரியா தப்பான்னு எப்பிடித் தெரியும் ஒங்களுக்கு?"

"அன்னைக்கு மத்தியானமே உக்கார வச்சு ஒவ்வொண்ணா கேட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"அந்த ஸ்கூல்ல பாரம் வாங்கப் போனம்லா. ஒரு கிளாசுல நாப்பத்தஞ்சு பிள்ளையோ இருக்கு. திருத்துற மிஷின் முட்டை போட்டா முட்டைதான். யாரு உக்காந்து ஒவ்வொண்ணா கேப்பா டீச்சர்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாரத்தைக் கவிழ்த்துப் போட்டாள். பின்பக்கம் வெள்ளை. நான் கொண்டுபோயிருந்த இரண்டாவது ரவிக்கைத் துணிக்கு அதில் கை அளவை வரைந்து, கத்தரிக்கோலால் பள்ளிக்கூடப் படத்தோடு சேர்த்து வெட்டினாள்.