ஏழு கிணறுகளும் மூன்று தூங்குமூஞ்சிகளும்

1982 ஜூலை 6

போயா, பௌர்ணமி விடுமுறை. துணிக்கடை பூட்டு. நோன்பு பதின்மூன்று.

பின்னேரம் மூன்று பேரும் மேசைக்கு வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் றவூப், எங்கள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் சரோஜாதேவி டீச்சர், ஸ்பிரிங்வெளி தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் வீரய்யா. லண்டனில் படிக்கும் தம்பி அனுப்பிய விளையாட்டுப் பெட்டியைத் திறந்து இது நாலாவது மாதம். கதை சொல்வது நான். றவூப் வாள்வீரன், டீச்சர் மந்திரக்காரி, வீரய்யா வைத்தியன். என்ன செய்யப்போகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள், அது பலிக்குமா என்று இருபது முகப் பகடை சொல்லும். மலைக்குள்ளே ஒரு பறவைநாகம், சிறகு முளைத்த ராட்சதப் பாம்பு, ஆற்றை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. அதை விரட்டித் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான் கதை.

போனால்தானே! ஒரு வௌவாலை அடித்தார்கள். உடனே படுக்கை. தூங்கி எழுந்தால் காயம் ஆறும், செலவழித்த மந்திரம் திரும்பும் என்று விதிப்புத்தகத்தில் இருக்கிறது. டீச்சரிடம் நாளுக்கு ஒரே ஒரு தீ மந்திரம். அதை வௌவால் மேல் எறிந்துவிட்டு, "இனி ஒருக்கா நித்திரை கொண்டிட்டுப் போவமே" என்கிறார்.

வீரய்யாவோ, "மொயல் ஒண்ணப் புடிச்சுச் சுட்டுத் தின்னுட்டுப் படுப்போம்" என்றார். நோன்போடு இருக்கும் என் முன்னால், நாலு மணிக்கு! றவூப் உடனே, தன் வாள்வீரன்தான் முயலை அறுக்க வேண்டும் என்று பிடிவாதம். பிஸ்மில்லாஹ் சொல்லி. "ஒங்கட வீரனுக்கு நோன்பில்லையா?" என்று கேட்டேன். "அவன் பிரயாணி, புள்ள. பிரயாணிக்கு நோன்பு விடலாம்" என்றார். மார்க்கம் எல்லாம் இப்படிப்பட்ட நேரத்தில் நன்றாக ஞாபகம் வரும் இவருக்கு.

ஜூலை 8

ஒரு யோசனை. மலையடிவாரக் கிராமத்தில் ஏழு கிணறுகள். இவர்கள் ஒரு தரம் தூங்கினால் ஒரு கிணறு வற்றும். ஏழும் வற்றினால் ஊர் காலி. அட்டையில் ஏழு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். தூங்கட்டும் பார்ப்போம்.

ஆகஸ்ட் 4

தூங்கினார்கள். இரண்டு தரம். அட்டையில் முதல் கிணற்றின் வட்டத்தைக் குறுக்கே வெட்டியபோது சிரித்தார்கள். இரண்டாவதை வெட்டியபோது சிரிப்பில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு ருசி கண்டுவிட்டது. மூன்றாவது தரம் படுத்தபோது ஓநாய்களை விட்டேன். எழுந்து ஓடினார்கள். மறுபடி படுத்தார்கள். மறுபடி ஓநாய். டீச்சரின் மந்திரக்காரி சாகக் கிடந்தாள். டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

வீரய்யாதான் வாயைத் திறந்தார். "அக்கா, பறிச்ச கொழுந்த நேரா ரோலர்ல போட்டா நொறுங்கிப் போகுங்க. மாடியில பரப்பி வாட்டணும். அதுக்காக ரெண்டு நாளு போட்டு வச்சாலும் சருகாயிரும். எம்புட்டு நேரம்னு பாத்துச் செய்யுறதுதான் வேல."

பதினைந்து வருடம் கொழுந்து வாட்டியவர். நான் நாலு மாதமாகக் கதை சொல்கிறவள். வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

செப்டம்பர் 3

றவூப் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தபிறகு தொடங்கினோம். புது ஏற்பாடு: கண்ட இடத்தில் படுக்க முடியாது. வழியில் பயணிகள் தங்கும் அம்பலம் வந்தால் மட்டும் நிம்மதியாகத் தூங்கலாம். அங்கே ஓநாய் வராது. ஆனால் கிணறு வற்றும். இரண்டு அம்பலம் வைத்தேன், இரண்டிலும் தங்கினார்கள், நாலு கிணறு போய்விட்டது. ஆனால் தங்குவதா வேண்டாமா என்று அரை மணி நேரம் சண்டை பிடித்தார்களே, அது! டீச்சர் தீ மந்திரத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு மூன்று சண்டை சமாளித்தார். றவூப் பகடையை உருட்டுமுன் ஊதுகிறார். கடையில் துணி அளக்கும்போது இந்த ஆளிடம் இவ்வளவு பரபரப்பை நான் கண்டதில்லை.

அக்டோபர் 12

இந்த மாதப் போயாவுக்கு நாங்கள் மாத்தளைக்குக் கலியாணத்துக்குப் போய்விட்டதால் விளையாட்டு இல்லை. அந்த ஒரு நாளை விட்டது இப்போது குத்துகிறது. டீச்சருக்கு மாற்றக் கடிதம் வந்திருக்கிறது. தை மாதத்திலிருந்து அவருடைய ஊர்ப் பக்கம், சாவகச்சேரி. அவரே எழுதிக் கேட்டதுதான், அம்மாவுக்குச் சுகமில்லை. எனக்குச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே "நல்லதுதானே" என்றேன்.

நல்லதா? ஆறு வருடமாக இந்த வீட்டில் நான் மனம்விட்டுப் பேசுவது அவரோடுதான். யாரோடு பேசுவேன் இனி - துணிக் கட்டோடா?

பள்ளிக்கூடம் மூடியதும் டிசம்பர் நடுவிலேயே போய்விடுவார். இரண்டு போயாதான் மிச்சம்.

நவம்பர் 1

இன்று நன்றாகத்தான் போனது. அம்பலங்கள் மூன்று வந்தன. வெந்நீர், கம்பளி, மிளகு ரசம் எல்லாம் இருந்தது. "களைப்பாயிருக்கும், படுங்களேன்" என்று நானே சொன்னேன். இரண்டில் படுத்தார்கள். றவூப் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

விளையாட்டு முடிந்து மற்றவர்கள் எழுந்தபிறகு டீச்சர் மட்டும் இருந்தார். அட்டையைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஸுலைஹா, ரெண்டு தரம் நித்திரை கொண்டனாங்கள். கிணறு ஏன் வத்தேல்லை?"

"மறந்துபோச்சு."

"நீர் மறக்கிற ஆளோ?"

பென்சிலை எடுத்து இரண்டு வட்டங்களைத் தானே வெட்டினார். மிச்சம் ஒன்று.

நவம்பர் 2

மறக்கவில்லை. கதை முடியாவிட்டால் அவர் போகமாட்டார் என்று எனக்குள்ளே எங்கேயோ ஒரு மடத்தனம். முப்பத்திரண்டு வயது எனக்கு. மூன்று பேரைத் தூங்குமூஞ்சி என்று திட்டியவள், அரசாங்க மாற்றக் கடிதத்தை மிளகு ரசத்தால் தடுக்கப் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 1

மலைக்குள்ளே கடைசி வாசல். வாள்வீரனால் நடக்க முடியவில்லை. வைத்தியனிடம் மருந்தில்லை. மந்திரக்காரியின் தீ மந்திரம் காலையிலேயே செலவு. ஒரு கிணறு. இன்னொரு தரம் தூங்கினால் கிராமம் இல்லை.

வாசலுக்கு இந்தப் பக்கம் கிணறு வற்றாத அம்பலம் ஒன்று இருக்கிறது என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது, கதை என்னுடையது. சொல்லவில்லை.

"படுப்பமா?" என்று றவூப் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை, போவம்" என்றார் டீச்சர்.

உள்ளே பறவைநாகம் ஆற்றின் குறுக்கே தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் வாளை எடுக்கவில்லை, ஒளியவில்லை. டீச்சர் கதிரையிலிருந்து எழுந்து, ஒன்பதாம் வகுப்புக் கடைசி வாங்குப் பிள்ளைகளைப் பார்த்துப் போடும் குரலில் சத்தம் போட்டார்: "எழும்பு! எத்தினை மணியெண்டு தெரியுமோ உனக்கு?"

வீரய்யாவே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பகடையில் பதினைந்துக்கு மேல் விழ வேண்டும் என்றேன். பதினாறு. பறவைநாகம் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து பறந்தது. அடைபட்ட ஆறு கிராமத்தைப் பார்த்து இறங்கியது. றவூப் மேசையில் அடித்த அடியில் தேத்தண்ணிக் கோப்பை கவிழ்ந்தது.

மணி மூன்றேகால்தான். வழக்கமாக ஆறு வரைக்கும் இருப்போம். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றப் போகிறேன் என்று குசினிக்குப் போய் அழுதேன். டீச்சர் பின்னாலேயே வந்து கேத்தலை அடுப்பில் வைத்தார். அவருக்கும் மூக்கு சிவந்துதான் இருந்தது.

டிசம்பர் 11

டீச்சரை வழியனுப்ப ஸ்டேஷன். எட்டுப் பெட்டி சாமான், அதில் ஐந்து பெட்டி புத்தகம். றவூப்பும் வீரய்யாவும் தூக்கிப் போட்டார்கள். ரயில் தெமோதரைப் பக்கம் திரும்பும்வரை நின்றேன்.

1983 ஜனவரி 28

போயா. டீச்சரின் கடிதம் நேற்று வந்தது. அம்மாவுக்குப் பரவாயில்லையாம். "சித்திரை விடுமுறைக்கு ஒரு கிழமை வந்து நில்லும், உம்மடை மனுசனையும் கூட்டிக்கொண்டு வாரும்" என்று எழுதியிருக்கிறார்.

மத்தியானச் சாப்பாட்டில் றவூப்பிடம் சொன்னேன். பெருநாள், போயா தவிர இந்தக் கடை பூட்டிக் கிடந்தது அவருடைய வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்தபோது மட்டும்தான்.

"ஒரு கிழமையா? ஏழு நாள் யாவாரம் என்னாகிறது?"

"நான் போறேன். நீங்க வாறண்டா வாங்க" என்றேன். கல்யாணம் முடித்த ஒன்பது வருடத்தில் இப்படி ஒரு வசனம் என் வாயிலிருந்து வந்ததில்லை. சொல்லிவிட்டுக் கறியை ஊற்றினேன்.

அவர் சாப்பிட்டுக் கை கழுவினார். பிறகு கடைப் பக்கம் போய் ஒரு மணி நேரம் ஆளைக் காணவில்லை.

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். சட்டைப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்துப் பெரிய எழுத்தில் எழுதி, மேசையில் காயவைத்திருக்கிறார்: 'ஏப்ரல் 15 முதல் ஒரு கிழமை கடை பூட்டு.' இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. எழுத்து ஒரே கோணல். நான் திருத்தவில்லை.