சிமெண்டு வில்வண்டி

14.6.1991, வெள்ளி

திருச்சுழி சாலையோரத்தில் கொத்தனார் ஒருவர் தம் புஞ்சையில் கட்டி வைத்திருக்கும் சிமெண்டு வில்வண்டியை இன்று காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். காளைகளுக்குக் கண்கள் கோலிக்குண்டு; வால்கள் பழைய சைக்கிள் டயர். பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் என் மனைவி கமலம் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். அவள் மறைந்தபின் நான் இப்பாதையில் வருவது இதுவே முதல் முறை.

ஏறுவதற்குக் கால் வைத்தபோது பலகை கண்ணில் பட்டது: ‘ஜோடியாக மட்டும் ஏறவும்.’ காலை எடுத்துவிட்டேன்.

“தனியாவா வந்தீக?” என்றார் கொத்தனார்.

“மனைவி காரில் இருக்கிறாள்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது இப்போதும் விளங்கவில்லை.

“இந்த வெயில்லயா உக்கார வச்சிட்டு வந்தீக? நல்லா இருக்குய்யா! இருங்க, நான் போயிக் கூட்டியாரேன்.”

காரை நோக்கி நடந்தார். அவர் காருக்குள் குனிந்து பார்த்தார். சற்று நேரம் அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அம்மா அசந்து தூங்குறாக. எழுப்பலய்யா. நீங்க ஏறி உக்காருங்க.”

ஏறினேன். பக்கத்தில் ஒருவர் அமரும் அளவுக்கு இடம் விட்டு, ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.