நேராக எண்டோஸ்கோப்பிக்கு

செப். 8, திங்கள்

மூட்டம். மழை இல்லை. அண்ணனை ஒருவழியாகத் தாடிக்கொம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இட்லியைக்கூட ரசத்தில் கரைத்துத்தான் விழுங்குகிறார். அண்ணி போனதிலிருந்து வீட்டில் நானும் அவரும்தான். ஆட்டுச் சந்தைக்குப் போன இடத்தில் என்ன சாப்பிட்டார் என்று எனக்கு எங்கே தெரிகிறது. சட்டை தொளதொளத்த பிறகுதான் பிடிபட்டது.

டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். வயிற்று ஸ்பெஷலிஸ்டுக்கு அனுப்புவார் என்று நினைத்தேன். இல்லை.

"அவரப் பாக்கக் காத்துக் கெடந்தாலும் முதல்ல இதத்தான் எழுதுவாரு. நேரா எண்டோஸ்கோப்பி எடுத்துருங்க. நாள் கடத்த வேணாம்."

வழியெல்லாம் அண்ணன் முகத்தில் தெளிச்சி. பெரிய டாக்டரிடம் அனுப்பவில்லை, ஆகவே பெரிய வியாதி இல்லை. அவர் கணக்கு அது. எனக்கு அந்த 'நாள் கடத்த வேணாம்' மட்டும் காதிலேயே.

செப். 9, செவ்வாய்

வெயில். அங்கன்வாடியில் எடை போடும் நாள். பிள்ளைகள் அழுகை, முட்டை வரவில்லை. மனசு எதிலும் இல்லை.

நாளைக்கு எண்டோஸ்கோப்பி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூட ஆகாது. ஆதார், பழைய மருந்துச் சீட்டு, துண்டு, பையில் வைத்தாச்சு. மயக்கம் கொடுப்பார்களா என்று அண்ணன் கேட்டார். தெரியாது. யாரைக் கேட்பது? குழாய் விடப்போகிற டாக்டரை இன்னும் பார்க்கவே இல்லையே.

செப். 10, புதன்

திண்டுக்கல். எந்த ஸ்பெஷலிஸ்ட் அனுப்பினார் என்று கவுண்டரில் கேள்வி. டாக்டரம்மா சீட்டைக் காட்டினேன். உள்ளே விட்டார்கள். மயக்கமெல்லாம் இல்லை, தொண்டைக்கு மருந்து அடித்ததோடு சரி. செத்த நேரத்தில் முடிந்துவிட்டது.

டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். சின்ன வயசு. "உணவுக்குழாய்ல கட்டி இருக்கும்மா. சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருக்கேன். மத்தத உங்க டாக்டர் சொல்லுவாங்க." நான் வாய் திறப்பதற்குள் அடுத்த பெயர். குறை சொல்ல முடியாது. அவருக்கு அண்ணன் யாரோ.

அண்ணன் வெளியே பெஞ்சில். என்னவாம் என்றார்.

"புண்ணுதாண்ணே."

தலையாட்டினார். தொண்டை மரப்பு விட்டதும் இளநீர் கேட்டார். பாதிதான் இறங்கியது.

செப். 11, வியாழன்

சொல்லச் சொல்ல அய்யலூர் சந்தைக்குப் போய்விட்டார். ஆட்டு யாவாரி, வியாழக்கிழமை வீட்டில் இருந்து பழக்கமில்லை.

டாக்டரம்மா போன். ஸ்கோப் டாக்டர் நேற்றே பேசினாராம். ரிசல்ட் வருவதற்குள் மதுரை ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். அண்ணனிடம் தானே சொல்லட்டுமா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை.

செப். 14, ஞாயிறு

கறி எடுத்தேன். சாறு மட்டும் இரண்டு கரண்டி. வெஞ்சனம் நல்லாருக்கு என்றார், கறியைத் தொடாமலே.

செப். 17, புதன்

தூறல். ரிசல்ட் வந்தது. புற்றுநோய்தான். டாக்டரம்மா இரண்டு பேரையும் வரச் சொல்லியிருந்தார். நீ போயிட்டு வா என்று அண்ணன் இருந்துவிட்டார்.

திரும்பி வந்தபோது ஆடுகளுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார். ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"குழா விட்ட அன்னைக்கே கட்டியப் பாத்துட்டேன் தாயி. டிவிய என் மூஞ்சிக்கு நேராத்தான வச்சிருந்தாக."

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"நீ புண்ணுன்ன. சரி, உங்கிட்ட அம்புட்டுத்தான் சொல்லிருக்காக போலன்னு இருந்துட்டேன். ஒரு வாரம் நீயாச்சும் தூங்குவேல்ல."

இரண்டு பேருமே தூங்கவில்லை.

செப். 19, வெள்ளி

மதுரை. ஸ்கேன், ரத்தம், மறுபடி ஸ்கேன். பரவியிருக்கிறது. ஆபரேஷன் இப்போது முடியாதாம். கதிர்வீச்சு, அதாவது கரண்டு வைக்க வேண்டும், கூடவே கீமோ ஊசி. அதற்கும் முன்னால் சாப்பாட்டுக்கு வயிற்றில் குழாய். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"திரும்ப வாயால திங்க முடியுமா?"

பார்க்கலாம் என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கொடைரோடு தாண்டியதும் அண்ணன் தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார். கனமே இல்லை.