பதினோரு முடிச்சு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், நம் சலவை வேனும் இருமிக்கொண்டாவது ஓடுகிறது, அங்கே வெளிநாட்டில் நீயும் உன் டாக்ஸியும் ஒரு கீறல் படாமல் இருக்க வேண்டும். போன வாரம் போனில், போலீஸ் நிறுத்தினதும் கேக்குறதுக்கு முன்னாடியே டிக்கியைத் தொறந்து காட்டிட்டேம்மா, இது மூணாவது தடவை, ஒண்ணும் ஆகலன்னு சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை, விரிப்பை மடித்துக்கொண்டே எங்கேயோ போய்விடுகிறேன், அப்பா வந்து தோளைத் தொட்டால்தான் திரும்பி வருகிறேன்.

நானும் உன்னைப் போலத்தான், இதை உன்னிடம் சொல்லவில்லை, வெட்கம். ஒரு காலையில் விடுதிகளுக்கு விரிப்பு ஏற்றிக்கொண்டு போனேன். வெயில் வர வேண்டிய நேரத்திலும் மூடுபனி, சாலையும் வானமும் ஒரே வெள்ளை, சோப்பு வாசனை வேறு, ஓட்டுகிறேனா மிதக்கிறேனா என்றே தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஒரு போலீஸ்காரர் கைகாட்டினார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் இறங்கி, பின்கதவைத் திறந்து, பாருங்கய்யா பாருங்கன்னு பதினோரு மூட்டையையும் அவிழ்த்துவிட்டேன். வழியில் முடிச்சு அவிழ்ந்த மூட்டையை விடுதியில் வாங்க மாட்டார்கள், மறுபடி தண்ணீருக்குத்தான் போகும், அது உனக்கே தெரியும். எல்லாம் முடிந்த பிறகு அவர் பாவம் போல, அம்மா, பின்னாடி லைட்டு ஒண்ணு எரியல, அதைச் சொல்லத்தான் நிறுத்தினேன்னார். பதினொன்றையும் திரும்பத் துவைத்தோம். அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டே, சாப்பாட்டு டப்பாவையும் தொறந்து காட்டினியான்னு கேட்டார். காட்டியிருந்தேன்.

கறுப்பு அங்கியைத் துவைக்கக் கொடுக்கிற வக்கீலம்மாவிடம் சொன்னேன், தலையில் அடித்துக்கொண்டார். லைசென்ஸ் கேட்டா குடுங்க, கை ரெண்டும் ஸ்டீயரிங் மேல தெரியட்டும், எதுக்கு நிறுத்தினீங்கன்னு மரியாதையா கேளுங்க, உள்ள பாக்கணும்னா எனக்குச் சம்மதம் இல்லீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க, மீறித் தொறந்தா தடுக்காதீங்க, நேரத்தையும் பேரையும் எழுதி வைங்க, ஆனா இது இங்கத்துச் சட்டம், உங்க பொண்ணை அங்க ஒரு வக்கீலைக் கேட்டுக்கச் சொல்லுங்கன்னார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை அதே பனி, அதே இடம், ஆள் மட்டும் வேறு. பின்னாடி தொறங்க, பாக்கணும்னார். எதுக்குங்கன்னு கேட்டேன், தொறங்கன்னுதான் திரும்பவும் சொன்னார், சம்மதம் இல்லீங்கன்னு சொல்லிவிட்டேன். அவர் லைசென்ஸை எடுத்துக்கொண்டு பனிக்குள் போய்விட்டார். ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கண்ணாடிக்கு வெளியே வெள்ளை, அதில் நீ வந்து நின்றாய், பதினாலு வயசு. உன் பள்ளிக்கூடப் பையைக் கட்டிலில் கொட்டி, நீ தோழிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைப் பிரித்து நான் சத்தமாகப் படித்தேனே, அந்த நாள். நீ அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. மறுநாளிலிருந்து வாசலில் கால் வைத்ததும் நீயே பையைத் திறந்து காட்டினாய். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று எல்லோரிடமும் பெருமை அடித்துக்கொண்டேன். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து அவர் போங்கன்னு சொல்லியும் கொஞ்ச நேரம் என்னால் வண்டியை எடுக்க முடியவில்லை. அன்று நான் செய்தது தப்பு, அம்மா பெரிய தப்பு செய்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, வண்டிக் காகிதங்களைக் கைக்கெட்டுகிற இடத்தில் வை, அங்கே ஒரு வக்கீலைப் பார்க்க மறக்காதே. நீ எந்தச் சாலையில் போனாலும் என் ஆசி கூடவே வரும். விடுமுறைக்கு வரும்போது உன் பெட்டியை மூலையில் வைத்துக்கொள், துவைக்க ஏதாவது இருந்தால் நீயாக எடுத்துக் கொடு. நான் கேட்க மாட்டேன், நீயும் திறந்து காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா